ஊசிக்கு அஞ்சும் குழந்தை

குழந்தைகள் ஊசிக்கு அஞ்சுவது புதிதன்று. அம்மை குத்துகிறவர் தெருமுனையில் தலைகாட்டினாலே பிள்ளைகள் நெற்குதிருக்குப் பின்னே ஒளிந்துகொண்ட காலத்தை முதியோர் நினைவுகூர்வர். நம் நாட்டில் பெரியம்மை 1975-ஆம் ஆண்டோடு ஒழிந்தது; ஊசியின் அச்சம் ஒழியவில்லை. பெரும்பாலான குழந்தைகள் சிறிது அழுது, மிட்டாய் ஒன்று பெற்று, மறந்துவிடுவர். அவ்வாறு மறக்க இயலாத குழந்தைகளைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன்.

சிறப்புக் குழந்தைகள் பயிலும் பள்ளியொன்றில் நான் ஆசிரியை. ஆட்டிசம் உடைய 10 வயதுச் சிறுவன் ஒருவன் என் வகுப்பில் இருந்தான். பேச்சு மிகக் குறைவு. ஐந்தாம் வயதில் முத்தடுப்பு ஊசிக்காக ஒரு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றபோது, நால்வர் சேர்ந்து அவனை மேசைமேல் கிடத்தி அழுத்திப் பிடித்தனராம். ஊசி போட்டாயிற்று. ஆனால் அதன் பின்னர் வெள்ளை அங்கியைக் கண்டாலும், ஸ்பிரிட்டின் வாடை பட்டாலும் தன் கையைத் தானே கடித்துக்கொள்வான். முடி திருத்துபவரையும் அண்டவிடவில்லை.

பத்தாம் வயதில் ரணஜன்னிக்கும் தொண்டை அடைப்பானுக்குமான ஊசி போட வேண்டிய காலம் வந்தது. "வேண்டாம் டீச்சர், இவன் படும் பாட்டை இன்னொரு முறை என்னால் பார்க்க முடியாது" என்றார் தாயார். அதில் நியாயம் இல்லையென்று யார் சொல்வார்? ஆயினும் தொண்டை அடைப்பான் நியாயம் பார்த்து வருவதில்லை. தந்தைக்கோ வேறோர் ஐயம். ஊசியால்தான் மகன் இப்படி ஆனானோ என்று. அந்த ஐயத்தைக் கிளப்பிய 1998-ஆம் ஆண்டுக் கட்டுரையை, வெளியிட்ட லான்செட் இதழே 2010-இல் விலக்கிக்கொண்டது. டென்மார்க்கில் ஆறரை லட்சத்துக்கு மேற்பட்ட குழந்தைகளை ஆராய்ந்து 2019-இல் வெளியிட்ட முடிவிலும் அத்தகைய தொடர்பு காணப்படவில்லை. இதைப் பொறுமையாகச் சொன்னபோது அவர் கேட்டுக்கொண்டார்.

பிறகு வேலை தொடங்கிற்று. சுகாதார நிலையத்தின் வாயில், நாற்காலி, செவிலியர், பஞ்சு, ஊசி, வீடு என ஆறு படங்கள் எழுதிக் கொடுத்தோம். நாள்தோறும் காலையில் அவற்றை அவன் வரிசையாக அடுக்குவான். ஊசிப் படத்தை மட்டும் சில நாட்கள் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தான், நாங்கள் நிமிர்த்தவில்லை. "எறும்பு கடித்தாற்போல் இருக்கும்" என்று சொல்ல வேண்டாமென வீட்டாரைக் கேட்டுக்கொண்டேன். இக்குழந்தைகள் சொல்லை அப்படியே கொள்பவர்கள். எறும்பைத் தேடத் தொடங்கிவிடுவர். "வலிக்காது" என்பதும் கூடாது. சிறிது வலிக்கும், விரைவில் முடியும் என்பதே உண்மை.

சுகாதார நிலையத்துச் செவிலியர் பெருந்தன்மை உடையவர். கூட்டம் கலைந்த பிற்பகலில் வரச் சொன்னார். இருமுறை ஊசியின்றியே சென்று, வேப்பமரத்தடியில் அமர்ந்து திரும்பினோம். மூன்றாம் முறை ஊசியைக் கண்டதும் அவன் "நிறுத்து" என்னும் அட்டையை உயர்த்தினான். "சரி தம்பி, இன்றைக்கு வேண்டாம்" என்று அவர் உடனே ஊசியை எடுத்து வைத்துவிட்டார். வீண் அலைச்சல் என்று உடன் வந்த உறவினர் முணுமுணுத்தார். எனக்கு அது வீணாகத் தோன்றவில்லை. தன் சொல் செல்லும் என்பதை அந்தக் கட்டடத்தில் அவன் முதன்முறையாகக் கண்டான்.

அடுத்த வாரம் மருத்துவரின் யோசனைப்படி, புறப்படுவதற்கு முன்பே அவன் தோளில் மரப்புக் களிம்பு பூசினோம். அது வேலை செய்ய ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். செவிலியர் வெள்ளை அங்கியின்றி வண்ணச் சேலையில் வந்தார். களிம்பை நீர் தொட்ட பஞ்சால் துடைத்தார். தூய தோலுக்கு ஸ்பிரிட் தேவையில்லை. சிறுவனைப் படுக்கவைக்கவில்லை. தாயை அணைத்தவாறு நிமிர்ந்து அமர்ந்து, ஒரு கையால் மணிச்சட்டத்தில் மணிகளை நகர்த்தினான். ஐந்தாம் மணிக்கு ஊசி, பத்தாம் மணிக்கு முடிவு என்பது பேச்சு. ஐந்தில் அலறினான், ஆனால் கையைக் கடிக்கவில்லை. பத்தாவது மணியையும் நகர்த்திவிட்டே எழுந்தான்.

எல்லாக் குழந்தைக்கும் இம்முறை பலிக்குமென்று நான் கூறவில்லை. சிலருக்கு எதுவுமே உதவாது. அத்தகையோருக்குப் பல் சிகிச்சை போன்ற காரணத்தால் மயக்கமருந்து கொடுக்க நேரும்போது, ஊசியையும் அப்போதே போடலாமா என்று மருத்துவரைக் கேட்பது தக்கது. ஊசியைக் கண்டால் மயங்கிவிழும் வளர்ந்த பிள்ளைகளையோ படுக்கவைப்பதே நலம்.

அச்சிறுவனுக்கு அடுத்த தவணை 16-ஆம் வயதில். ஆறு படங்களையும் தாயார் அரிசிப் பானைக்கு மேலுள்ள பரணில் எடுத்து வைத்திருக்கிறார்.