சிந்தும் ரத்தமும் ஓடும் ரத்தமும்

(தலித் மாணவர் பயிற்சி வகுப்பொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



நம்ம மேடைகளில் 'ரத்தம்' என்ற சொல் விழாத நாளே கிடையாது. 1968 டிசம்பர் 25இல் கீழ்வெண்மணி, 1997இல் மேலவளவு என்று சொல்லும்போதே தொண்டை அடைக்கிறது. பறிபோன உயிருக்கும் சிந்திய ரத்தத்துக்கும் நாம் கணக்கு வைத்திருக்கிறோம். வைத்திருக்கத்தான் வேண்டும். ஆனால் வெட்டு இல்லாமல், குத்து இல்லாமல், எஃப்.ஐ.ஆர். இல்லாமல் நம்ம சேரியில் நாள்தோறும் வற்றிக்கொண்டிருக்கிற ரத்தத்துக்கு யாரிடம் கணக்கு இருக்கிறது? நான் ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் ரத்தம் எடுத்துச் சோதிக்கிற வேலை பார்ப்பவன். மேடைப் பேச்சு எனக்கு வராது. எனக்குத் தெரிந்த ரத்தத்தைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

வளர்ந்த ஒரு ஆளின் உடம்பில் சுமார் 5 லிட்டர் ரத்தம் இருக்கிறது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே இதயம் நிமிஷத்துக்கு ஏறக்குறைய 5 லிட்டரைத் தள்ளுகிறது. நாற்று நடும்போதும் மூட்டை தூக்கும்போதும் இது இன்னும் கூடும். ரத்தத்தில் பாதிக்கு மேல் பிளாஸ்மா என்கிற மஞ்சள் திரவம். தின்ற சோற்றின் சத்தைக் கொண்டுபோவதும் கழிவை அகற்றுவதும் அதன் வேலை. வெள்ளையணுக்கள் கிருமியோடு மல்லுக்கட்டுகின்றன. தட்டணுக்கள் காயத்தை அடைக்கின்றன. சிவப்பணுக்கள் மூச்சுக்காற்றிலுள்ள ஆக்சிஜனைச் சுமக்கின்றன. சுமக்கிற கூடைக்குப் பேர்தான் ஹீமோகுளோபின். அந்தக் கூடை இரும்பு இல்லாமல் உருவாகாது.

சிவப்பணுவின் ஆயுள் 120 நாள்தான். எலும்பு மஜ்ஜை ஒவ்வொரு விநாடியும் சுமார் இருபது லட்சம் புது அணுக்களைச் செய்து ரத்தத்தில் விடுகிறது. செத்த அணுவிலிருக்கும் இரும்பை உடம்பு வீணாக்காது. பிரித்தெடுத்துப் புது அணுவுக்குக் கொடுத்துவிடும். நம்ம ஆயா ஓட்டிய குடும்பம் மாதிரி அவ்வளவு சிக்கனம். இப்படிப்பட்ட உடம்பிலேயே இரும்பு தீர்ந்துபோகிறது என்றால் முக்கியமான காரணம் இரண்டு. தட்டில் வரவில்லை, அல்லது ரத்தம் எங்கோ கசிகிறது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சாதிக்காரன் 'ரத்த சுத்தம்' பேசுகிறான். சாதிகள் தனித்தனி ரத்தம் என்கிற வாதத்தை 1936லேயே 'சாதி ஒழிப்பு' உரையில் அண்ணல் உடைத்துப் போட்டுவிட்டார். ஆய்வகத்துக்குத் தெரிந்ததெல்லாம் கார்ல் லாண்ட்ஸ்டைனர் 1901இல் எழுதிவைத்த ரத்த வகைகளும், பின்னால் வந்த பாசிட்டிவ் நெகட்டிவும்தான். குழாயின் மேல் நான் ஒட்டுகிற சீட்டில் சாதிக்குக் கட்டம் கிடையாது. ஆனால் கட்டம் போட்ட நாடு ஒன்று இருந்தது. பிளாஸ்மாவைச் சேமித்து அனுப்பும் முறையை வளர்த்ததில் பெரும்பங்கு சார்லஸ் ட்ரூ என்ற கறுப்பின மருத்துவருடையது. அவருடைய அமெரிக்காவிலேயே, செஞ்சிலுவைச் சங்கம் முதலில் கறுப்பர் ரத்தமே வேண்டாம் என்றது. 1942இல் வாங்கிக்கொண்டது, ஆனால் தனியாக வைத்தது. இதற்கு அறிவியலில் ஆதாரமே இல்லை என்று ட்ரூ சொன்னார். சங்கம் அந்த வழக்கத்தை விட்டது 1950இல்தான். ரத்தத்திலேயே இரட்டைக் குவளை வைத்தவர்கள் அவர்கள்!

இனி நம்ம கதைக்கு வருவோம். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 57. இது எல்லாச் சாதியும் சேர்ந்த கணக்கு. நிலமில்லாத, கூலிக்குப் போகிற வீட்டில் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறையக் கூடாது, கர்ப்பிணிக்கு 11, ஆண்களுக்கு 13. நான் பார்க்கிற சீட்டில் 8, 7 என்று வருகிறது. அந்தப் பெண் காலையில் களையெடுத்துவிட்டுத்தான் வந்திருப்பாள். "லேசா தலை சுத்துது சார், வேற ஒண்ணுமில்ல" என்பாள்.

படி ஏறினால் மூச்சிரைப்பு, படபடப்பு, கண் இமைக்குள் வெளுப்பு, படிக்க உட்கார்ந்தால் மனசு நிற்காதது, பச்சரிசியும் பலப்பமும் சாம்பலும் தின்னத் தோன்றுவது எல்லாம் இதன் அறிகுறிகள். இதைத்தான் ஆண்டை 'சோம்பேறிப் பயலுக' என்றான். வாத்தியார் 'மக்கு' என்றார். அமெரிக்காவின் தென்பகுதியிலும் ஏழைகளைச் சோம்பேறிகள் என்றே சொல்லிவந்தார்கள். கொக்கிப்புழு அவர்கள் ரத்தத்தைக் குடிக்கிறது என்று தெரிந்தபோது, 1902இல், பத்திரிகைகள் அதற்கு 'சோம்பல் கிருமி' என்றே பேர் வைத்தன!

கொக்கிப்புழு எப்படி உள்ளே வருகிறது? மலம் கலந்த ஈரமண்ணில் அதன் குஞ்சுகள் காத்திருக்கும். வெறுங்காலோடு மிதித்தால் தோலைத் துளைத்து ஏறிக் கடைசியில் குடலைக் கவ்விக்கொள்ளும். நம் பக்கத்தில் அதிகமாக உள்ள இனத்தில் ஒரு புழு நாளைக்கு 0.03 மில்லி ரத்தத்தைக் காலி செய்யும். அற்பம்தானே என்று தோன்றும். நூறு புழு இருந்தால் மாசத்துக்கு 90 மில்லி. ஒரு பெண்ணுக்கு மாதவிலக்கில் போவதே சராசரி 30, 40 மில்லிதான். இப்போது யோசியுங்கள். ஊர்த்தெருவில் செருப்புப் போடக் கூடாது என்றார்கள். போட்டவனைக் கையில் தூக்கிக்கொண்டு நடக்க வைத்தார்கள். சேரிக்குக் கழிப்பறை இல்லை, சேற்று வயலில் வேலை. செருப்பு தன்மானப் பிரச்சினை என்று பேசினோம், சரிதான். அது ரத்தப் பிரச்சினையும்கூட.

அடுத்தது தட்டு. கீரை, பயறு, கம்பு இவற்றிலுள்ள இரும்பை உடம்பு குறைவாகவே எடுத்துக்கொள்ளும். மாட்டுக்கறி, ஈரல், ஆட்டு ரத்தப் பொரியல் இவற்றிலுள்ளதை எளிதாக எடுத்துக்கொள்ளும். ரத்த உற்பத்திக்கு வேண்டிய பி12 வைட்டமின் இயற்கையில் செடிகொடியிலிருந்து கிடைப்பதில்லை. கறி, மீன், முட்டை, பாலிலிருந்துதான் வர வேண்டும். எதைச் சொல்லி நம்மை இழிவுபடுத்தினார்களோ அந்தச் சாப்பாடு நம் பிள்ளைகளின் ரத்தத்தைக் காப்பாற்றியிருக்கிறது. ஹாஸ்டலில் வெட்கப்பட்டு அதை விட்டுவிட்ட தம்பிகளுக்கு இதைச் சொல்கிறேன். கறி வாங்க வழியில்லாத நாளில் முருங்கைக்கீரையோடும் பயறோடும் நெல்லிக்காயோ எலுமிச்சையோ கொய்யாவோ சேருங்கள். இரும்பு கூடுதலாக ஒட்டும். சோறு தின்ற கையோடு டீ குடிக்காதீர்கள். டீ இரும்பைப் பிடித்து வெளியே தள்ளிவிடும். ஒரு மணிநேரம் கழியட்டும். பசியை அடக்கவே டீ குடிக்கிற அம்மாக்களுக்கு இந்தப் புத்திமதி பாதிதான் உதவும். மீதிப் பாதி கூலி உயர்வில் இருக்கிறது.

அரசு இரும்பு மாத்திரை தருகிறது. மலம் கறுப்பாகப் போகுது, குமட்டுது என்று பரணில் போட்டுவிடுகிறார்கள். கறுப்பாகப் போவது இயல்பு, பயப்பட வேண்டாம். குமட்டினால் ராத்திரி படுக்கப்போகும்போது விழுங்கலாம். பள்ளியில் தருகிற பூச்சிமாத்திரையையும் தட்டிக்கழிக்காதீர்கள். மாதவிலக்கு ஏழெட்டு நாள் தாண்டிப் போனாலோ கட்டிகட்டியாகப் போனாலோ தங்கச்சிகள் மறைக்காமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும். அண்ணன்மார் அதைக் கேட்டு முகம் சுளிக்காமல் இருக்க வேண்டும். எல்லாச் சோகையும் இரும்புக் குறைவல்ல. நீலகிரிப் பழங்குடி மக்களிடம் அரிவாள் வடிவச் சிவப்பணு நோய் உண்டென்று 1952இலேயே கண்டார்கள். மாத்திரை தின்றும் ஏறவில்லை என்றால் கட்டாயம் சோதிக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. ஏப்ரல் 14 என்றால் ரத்ததான முகாம் நடத்துகிறோம். நல்ல காரியம். பசிக்கு ரத்தம் விற்ற காலம் ஒன்று இருந்தது. உச்சநீதிமன்றத் தீர்ப்பால் 1998 ஜனவரி 1 முதல் அந்த விற்பனைக்குத் தடை வந்தது. இன்று நாம் விற்பதில்லை, தருகிறோம். ஆனால் ஹீமோகுளோபின் 12.5க்குக் கீழே இருப்பவரிடம் எடுக்கக் கூடாது. போன முகாமில் வரிசையில் நின்ற நம் பெண் தோழர்கள் எத்தனை பேர் திருப்பி அனுப்பப்பட்டார்கள் என்று கேட்டுப் பாருங்கள். கொடுக்க மனசிருந்தும் கொடுக்க ரத்தமில்லாத உடம்பு! அதனால் முகாமுக்கு மூன்று மாசம் முந்தியே சேரிக்குச் சேரி சோதனை வையுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் செய்வார்கள். செய்யவில்லை என்றால் மனுக் கொடுங்கள், உட்காருங்கள். யாருக்கு எவ்வளவு என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். மூன்று மாசம் கழித்துத் திரும்பப் பாருங்கள். கழிப்பறை, செருப்பு, முட்டை, கூலி எல்லாம் அந்த நோட்டுக்குள்ளே வந்துவிடும்.

போராட்டம் நம்மிடம் ரத்தம் கேட்கும் என்கிறார்கள். கேட்கட்டும். முதலில் அது நம் உடம்பில் இருக்க வேண்டும்.

ஜெய்பீம்!