வழக்கறிஞர் கட்டிய சலங்கை



இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட ஐரோப்பாவில் புதுமைக் கலைஞர்கள் புனைந்த வேடங்களைப் பற்றிப் பேசுமாறு பணித்திருக்கிறீர்கள். அங்கே தொடங்கிச் சென்னைக்கு வந்து சேர எண்ணியுள்ளேன். எனக்கு மிகுதியாகச் சொல்ல இருப்பதும் சென்னையைப் பற்றித்தான்.

முதற்போர் நடந்துகொண்டிருந்த 1916ஆம் ஆண்டில், சூரிச் நகரில் ஹியூகோ பால் என்னும் செர்மானியக் கவிஞர் பளபளக்கும் நீல அட்டையை உருளையாகச் சுருட்டிக் கால்களில் மாட்டிக்கொண்டு, பொருளற்ற ஒலிகளாலான கவிதையை மேடையில் ஓதினார். நடக்க இயலாத வேடம் அது. இருட்டில் அவரைத் தூக்கிவந்துதான் நிறுத்த வேண்டியிருந்தது! 1922இல் ஷ்டுட்கார்ட் நகரில் ஆஸ்கர் ஷ்லெம்மர் அரங்கேற்றிய நடனத்தில் 12 ஆடல்கள், 18 உடைகள். உள்ளே திணித்தும் கம்பியை வளைத்தும் செய்த அவ்வுடைகளுக்குள் ஆடுபவரின் முகம் மறைந்தது. கை எவ்வளவு உயரலாம் என்பதைக்கூட உடையே முடிவு செய்தது. பாரிசுச் செல்வர்களின் மாறுவேட விருந்துகள் வேறு வகை. அவற்றை நான் பெரிதாக மதிக்கவில்லை. பாலும் ஷ்லெம்மரும் விளையாடவில்லை. மக்களைக் கொன்று குவித்த பழைய ஒழுங்கின் முகத்தைக் களைந்தெறிய விரும்பினார்கள்.

அதே காலத்தில் சென்னையில் ஒருவர் புனைந்த வேடம் இவற்றினும் துணிவானது என்பது என் கருத்து. அவர் ஈ. கிருஷ்ண ஐயர். 1897இல் கல்லிடைக்குறிச்சியில் பிறந்தவர், உயர்நீதிமன்ற வழக்கறிஞர், விடுதலைப் போரில் சிறை சென்றவர். 1920களின் பிற்பகுதியில் அவர் பெண்ணுடை பூண்டு, சலங்கை கட்டி, அரங்குகளில் சதிர் ஆடினார்.

ஆண் பெண்வேடம் கட்டுவதில் என்ன துணிவு என்று நீங்கள் கேட்கலாம். கூத்துப் பார்த்து வளர்ந்த நம் வட்டாரத்தார்க்கு அது வியப்பன்று. துகிலுரிதல் கூத்தில் கண்ணீர் விடும் தாய்மார்கள், அந்தத் திரௌபதி பகலில் ஏர் ஓட்டியவர் என்பதை அறிந்தே அழுகிறார்கள். சென்னை நகரத்துக் கனவான்களுக்கும் அது புதிதன்று. பம்மல் சம்பந்த முதலியார் முன்னின்று 1891இல் தொடங்கிய சுகுண விலாச சபையில் படித்தவர்களும் அலுவலர்களுமே பெண்வேடம் தாங்கினார்கள். கிருஷ்ண ஐயரும் அங்கே நாடகத்தில் பெண்வேடம் ஏற்றவரே. அப்போது எவரும் முகம் சுளிக்கவில்லை.

ஆகவே, ஆண் புடவை கட்டியது குற்றமாகவில்லை. யாருடைய புடவையைக் கட்டினார் என்பதே கேள்வியாயிற்று. நாடகக் கதைத்தலைவியின் உடையை அணிந்தவரை மெச்சிய நகரம், தேவதாசியின் உடையை அணிந்தவரைக் கண்டு கூசியது. அந்த ஆடலைக் கோயிலிலும் செல்வர் மாளிகையிலும் காத்துவந்த பெண்களின் பெயரே அன்று வசைச்சொல்லாகியிருந்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சிறுமியரைப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்கப் போராடினார். அப்போராட்டத்தின் நியாயத்தை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆயினும் வழக்கத்தோடு ஆடலும் அழியவேண்டுமா? 1932 டிசம்பரில் இதுபற்றி அவருக்கும் கிருஷ்ண ஐயருக்கும் நாளேடுகளில் கடும் வாதம் நிகழ்ந்தது. வழக்காடத் தெரிந்தவர் எழுதியதோடு நின்றிருக்கலாம். அவரோ அதற்கு முன்பே தம் உடலையே சான்றாக மேடையில் நிறுத்தியிருந்தார்.

அவர் தம் ஆட்டத்தோடும் நிற்கவில்லை. அந்த மரபில் வந்த கல்யாணியின் புதல்வியரை 1931இல் மியூசிக் அகாதெமி மேடையில் ஏற்றுவதற்கு முன்னின்றார். 1933இல் அவர்கள் மீண்டும் ஆடியபோது கூட்டம் பெருகியிருந்தது. சதிர் என்ற பெயர் மறைந்து, பரத நாட்டியம் என்ற பெயர் நிலைத்தது.

இனிச் சொல்வதுதான் என்னை உறுத்துவது. 1935 டிசம்பரில் அடையாறு பிரம்மஞான சபையின் வைரவிழாவில் ருக்மிணி தேவி ஆடினார். கோயிற் சிற்பங்களைப் பார்த்து, அடையாற்றில் இருந்த ஐரோப்பியத் தையற்கலைஞர் ஒருவரின் துணையோடு, புதிய உடை ஒன்றை வகுத்துக்கொண்டார். உள்ளே காற்சட்டை, அதன்மேல் சுற்றிக் கட்டிய கனத்த பட்டுப்புடவை என்றிருந்த பழைய கோலம் போய், துண்டு துண்டாகத் தைத்துப் பூட்டும் உடை வந்தது. காலைத் தடையின்றி வீசி ஆட அது வசதியானது, அழகானதும்கூட. ஐரோப்பியர் போலவே அவரும் உடையை மாற்றி ஆடலின் முகத்தை மாற்றினார். உயர்குலப் பெண்கள் திரண்டு வந்தார்கள். கிருஷ்ண ஐயர் இனி வேடம் புனையத் தேவையில்லாமற் போயிற்று. 1966இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருதும் கிடைத்தது.

ஆனால், எவருடைய உடையை மதிப்புக்குரியதாக்க அவர் தம் மதிப்பைப் பணயம் வைத்தாரோ, அந்தக் குலத்துப் பெண்களில் மிகப் பலர் அதே மேடையிலிருந்து மெல்ல இறங்கிப்போனார்கள். 1947இல் பொட்டுக்கட்டும் வழக்கத்தைச் சட்டம் முற்றிலும் தடைசெய்தது. அந்நாளில் தம் மகளுக்குச் சலங்கை கட்டத் தயங்கிய தாய்மார்கள் அக்குலத்தில் ஏராளம். அயலார் வீட்டுப் பெண்களுக்குக் கற்பிக்க நட்டுவனார்கள் வேண்டியிருந்தார்கள். ஆடிய பெண்கள் வேண்டியிருக்கவில்லை.

விலகாமல் நின்றவர்களில் தலையாயவர் தஞ்சாவூர் பாலசரசுவதி. உலக நாடுகளின் அரங்குகளிலெல்லாம் ஆடியபோதும் அவர் தைத்த உடைக்கு மாறவில்லை. தம் முன்னோர் உடுத்திய முறையிலேயே பட்டுப்புடவையைச் சுற்றிக் கட்டிக்கொண்டு ஆடினார்.