கம்பளி கட்டிய ஊர்கள்

லண்டனில் சுற்றுலா பஸ் ஏறி, ஆக்ஸ்ஃபோர்டைத் தாண்டி மேற்கே போனால் காட்ஸ்வோல்ட்ஸ் குன்றுகள் வந்துவிடும். இரண்டு மூன்று நாளில் நாலைந்து ஊர்களை நிதானமாகப் பார்த்துவிடலாம். பஸ்ஸில் ஜன்னலோர இடமாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். உயரத்தில் உட்கார்ந்தால்தான் கற்சுவர்களுக்கு அப்பால் மேயும் ஆடுகள் கண்ணில் படும். வழியில் நாம் பார்க்கப்போகும் ஊர்களெல்லாம் ஆட்டுக் கம்பளியில் வந்த பணத்தால் எழுந்தவை.

இடைக்காலத்தில் இந்தக் குன்றுகளின் கம்பளி ஃப்ளாண்டர்ஸுக்கும் இத்தாலிக்கும் போனது. பணம் குவிந்த வணிகர்கள் ஊருக்கு ஊர் பெரிய தேவாலயங்களைக் கட்டினார்கள். நார்த்லீச் தேவாலயத்துக்குள் போனால் தரையைப் பாருங்கள். 1458இல் இறந்த ஜான் ஃபோர்ட்டி என்ற வணிகரின் உருவத்தைப் பித்தளைத் தகட்டில் செதுக்கிப் பதித்திருக்கிறார்கள். அவருடைய ஒரு கால் ஆட்டின் மேல் இருக்கிறது, மறு கால் கம்பளி மூட்டையின் மேல். தனக்குச் சோறு போட்டது எது என்று கல்லறையிலும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். எனக்கு அந்த மனிதரை மிகவும் பிடிக்கும்.

அடுத்தது சிப்பிங் கேம்டன். 'சிப்பிங்' என்றால் பழைய ஆங்கிலத்தில் சந்தை. கடைத்தெரு நடுவில் 1627இல் கட்டிய சந்தை மண்டபம் இன்றும் நிற்கிறது. வெண்ணெய், பாலாடைக்கட்டி, கோழி விற்க வந்தவர்கள் மழையில் நனையக்கூடாது என்று கட்டியது. சுற்றிலும் கல் வளைவுகள். தரை மேடும் பள்ளமுமாக இருக்கும், பார்த்து நடக்க வேண்டும்.

பர்ஃபோர்ட் தேவாலயம் வேறு கதை சொல்கிறது. 1649இல், சம்பள பாக்கியும் உரிமையும் கேட்டுக் கலகம் செய்த 'லெவலர்' படைவீரர்களை நாடாளுமன்றப் படைத் தளபதி குரோம்வெல் இதற்குள் அடைத்துவைத்தார். மூன்று பேரைச் சுட்டுக் கொன்றார்கள். அடைபட்டிருந்த ஆன்டனி செட்லி என்பவர் ஞானஸ்நானத் தொட்டியின் ஈயத்தில் தன் பெயரையும் ஆண்டையும் 'கைதி' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லையும் கீறிவைத்தார். அந்தச் சொல்லில் ஓர் எழுத்து விட்டுப்போயிருக்கிறது. நாளை உயிரோடு இருப்போமா என்று தெரியாத ஒருவரின் கையெழுத்து அது. ஒரு நிமிடமாவது அதன் முன் நில்லுங்கள்.

இவ்வளவு பழமை எப்படித் தப்பியது? இயந்திரங்கள் வந்ததும் கம்பளித் தொழில் வடக்கே யார்க்ஷயருக்குப் போய்விட்டது. கையில் காசில்லாத ஊர் பழைய வீட்டை இடித்துப் புது வீடு கட்டவில்லை. நாம் இன்று பார்த்து வியக்கும் அழகுக்குப் பின்னால் அன்றைய மக்கள் பட்ட வறுமையும் இருக்கிறது.

கடைசியாக பைபரி. கோல்ன் ஆற்றங்கரையில் ஆர்லிங்டன் ரோ என்ற சிறு வீடுகளின் வரிசை. 1380 வாக்கில் கம்பளிக் கிடங்காக இருந்து, பதினேழாம் நூற்றாண்டில் நெசவாளர் வீடுகளாக மாறியது. எதிரே உள்ள ஈரப் புல்வெளியில்தான் துணியைக் கட்டி உலர்த்தினார்கள். அந்த வீடுகளில் இன்றும் ஆட்கள் குடியிருக்கிறார்கள். அங்கே போகும் நேயர்கள் வாசலில் நின்று ஜன்னலுக்குள் எட்டிப் பார்க்காதீர்கள். குரலைத் தாழ்த்திப் பேசுங்கள். படம் எடுக்க ஆற்றின் அக்கரையே போதும்.