பூனைக்காலி விதையும் நடுங்கும் கையும்



பாம்பனில் எனக்கு ஒரு நண்பர் உண்டு. கிழிந்த வலையைச் செப்பனிடுவதில் அவருக்கு நிகர் அவரே என்பார்கள். சில ஆண்டுகளுக்கு முன் அவருடைய வலக்கை சும்மா இருக்கையில் நடுங்கத் தொடங்கிற்று, நடையும் தளர்ந்தது. குடியின் விளைவு என்றனர் ஊரார். பிறருக்குப் பாடம் சொல்லியே பழகிய நானும் ஒருநாள், "இந்த வயதிலாவது விட்டுவிடுங்கள், அண்ணே" என்றேன். அவர் மறுமொழி கூறாமல் கையைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டார். அவர் வாழ்நாளில் குடித்தவரே அல்லர். அவரைப் பற்றியிருந்தது, 1817-இல் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் விவரித்த நடுக்குவாதம்.

மூளையின் அடிப்பகுதியில் கருநிறமான ஒரு சிறு பகுதி உள்ளது. அங்குள்ள நரம்பணுக்கள் டோபமின் என்னும் இரசாயனப் பொருளைத் தூதாக அனுப்புகின்றன. அது இடைவெளியைக் கடந்து, அடுத்த அணுவின் மேற்புறத்திலுள்ள ஏற்பியைப் பற்றுகிறது, உள்ளே புகுவதில்லை. தபால்காரர் வாசலில் கடிதத்தைத் தர, வீட்டார் ஒருவர் அதை உள்ளே கொண்டு செல்வதில்லையா? அவ்வாறே அணுவினுள் சைக்ளிக் ஏ.எம்.பி. என்னும் இரண்டாம் தூதுப்பொருள் சிலவகை அணுக்களில் பெருகுகிறது, வேறு சிலவற்றில் குறைகிறது. அதற்கேற்பப் புரதங்களின்மீது பாஸ்பேட் ஏறும், இறங்கும். முடிச்சிட நீளும் விரல் இத்தொடரின் பயனேயாகும்.

தூது அனுப்பும் அணுக்கள் மடிந்தால் கடிதம் நின்றுபோகிறது. அவை ஏன் மடிகின்றன? விடை இன்னும் முழுமையாகவில்லை. ஆல்பா சைனூக்ளின் என்னும் புரதம் அவற்றினுள் திரளுகிறது. பழுதான மைட்டோகாண்ட்ரியாக்களை அடையாளமிட்டு அகற்றச் செய்யும் பிங்க்-1, பார்க்கின் என்ற இரு புரதங்களின் மரபணு கெட்ட குடும்பங்களில், இளவயதிலேயே இந்நோய் தோன்றுகிறது. வெளியே செல்லும் தூது மட்டுமன்றி, அணு தனக்குள்ளே விடுக்கும் எச்சரிக்கையும் தவறுகிறது என்பதே இதன் பொருள்.

இனி நம் வேலிக்கு வருவோம். பூனைக்காலிக் காயின் சுணையைத் தோழன் சட்டைக்குள் போட்டு நான் பிரம்படி பெற்றதுண்டு. அதன் விதையிலிருந்து 1937-இல் சென்னையில் தாமோதரன், இராமசாமி என்ற இருவர் எல்-டோபாவைப் பிரித்தெடுத்தனர். மூளைக்கு அது பயன்படும் என்று அன்று எவரும் அறியார். 1957-இல் சுவீடனில் ஆர்விட் கார்ல்சன், நம் நாட்டுச் சர்ப்பகந்தா வேரில் கிடைக்கும் ரிசர்பினை முயல்களுக்குச் செலுத்தினார். அவை அசைவற்றுக் கிடந்தன. எல்-டோபா கொடுத்ததும் எழுந்து நடமாடின! டோபமின் இரத்தத்திலிருந்து மூளைக்குள் புகாது; எல்-டோபா புகுந்து அங்கே டோபமினாக மாறும். 1960-இல் வியன்னாவில், இந்நோயால் இறந்தோர் மூளையில் டோபமின் மிகக் குறைந்திருப்பது தெரியவந்தது. மறு ஆண்டே நோயாளிகளுக்கு எல்-டோபா செலுத்தப்பட்டது. கார்ல்சனும், அணுவினுள் நிகழ்வதை விளக்கிய பால் கிரீன்கார்டும், எரிக் கேண்டலும் 2000-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

விதையை இடித்துத் தின்னலாமே என்று எண்ணிவிடாதீர்கள். அளவு தவறினால் குமட்டலும் மனக்குழப்பமும் வரும். மருந்தும் இழந்த தூதை ஈடுசெய்யுமேயன்றி, அணுக்களின் மடிவைத் தடுப்பதில்லை.

மாத்திரை வேலை செய்யும் சில மணி நேரத்தை நண்பர் வலைக்கென ஒதுக்கியிருக்கிறார். சென்ற மாதம் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"என்ன செய்யுதுன்னு அன்னைக்கே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, சார்" என்றவர், வலை ஊசியைக் கையில் எடுத்தார்.