தணிக்கையும் தொழிலாளர் நிலையும்

(வெள்ளிவிழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



நம் பெண்மக்களுள் பலர் மேல்நிலைத் தேர்வு முடிந்த மறு திங்களே ஆலைப் பேருந்தில் ஏறிவிடுகின்றனர். 1984இல் தாம்பரம் சானடோரியத்தில் ஏற்றுமதி வளாகம் தொடங்கப்பட்டது முதல் ஆயத்த ஆடை தைக்கும் வேலை நம் வீடுகளுக்கு அறிமுகமாயிற்று. பின்னர் ஒரகடம், திருப்பெரும்புதூர் என ஆலைகள் பெருகின. பொருளை வாங்கும் அயல்நாட்டு நிறுவனங்கள் இவ்வாலைகளுக்கு நடத்தை விதிகளை வகுத்துள்ளன. கட்டாய மிகைநேர வேலை கூடாது, வேற்றுமை பாராட்டலாகாது, சங்கம் சேர்வதைத் தடுக்கலாகாது என்பன அவற்றுட் சில. அவற்றைச் சரிபார்க்கத் தணிக்கையாளர் வருகிறார். இதனால் தொழிலாளர் நிலை உயர்ந்துள்ளதா?

பள்ளி ஆண்டாய்வு நடைபெறும் முறையை ஆசிரியப் பெருமக்கள் அறிவர். நாள் முன்னரே தெரியும். சுவர் வெள்ளை பூசப்பெறும், பதிவேடுகள் நிறைவெய்தும், நன்கு படிக்கும் பிள்ளை முன்வரிசையில் அமரும். ஆய்வாளர் காண்பது பொய்யன்று. ஆயின் அஃது அந்த ஒருநாள் உண்மை. பள்ளி ஆய்வாளருக்கு அரசாவது ஊதியம் தருகிறது. ஆலைத் தணிக்கையாளருக்கோ, பல இடங்களில், அந்த ஆலையே கட்டணம் செலுத்துகிறது!

2012 செப்டம்பர் 11 அன்று கராச்சி நகரின் ஆடை ஆலையொன்றில் 250க்கும் மேற்பட்டோர் தீக்கிரையாயினர். சில வாரங்களுக்கு முன்னர்தான் அவ்வாலை எஸ்.ஏ. 8000 என்னும் நற்சான்று பெற்றிருந்தது. மறு ஆண்டு ஏப்ரலில் வங்கதேசத்தில் ராணா பிளாசா இடிந்து 1,100க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அக்கட்டடத்தில் இயங்கிய ஆலைகளுள் சில தணிக்கைக்கு உட்பட்டவையே.

தணிக்கையால் பயனே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். தீயணைப்பான், குடிநீர், வெளியேறும் வழி போன்று கண்ணுக்குப் புலனாகும் குறைகள் சில திருந்துகின்றன. வசைமொழி, சாதியைச் சுட்டும் ஏளனம், மேற்பார்வையாளரின் தகாத நடத்தை ஆகியன ஏட்டில் ஏறுவதில்லை. நிர்வாகம் அழைத்து நிறுத்தும் பெண், அந்நியர் ஒருவரிடம் அரை மணியில் இவற்றைச் சொல்லிவிடுவாளா?

நம் பக்கத்திலேயே சான்று உண்டு. 2021 டிசம்பரில், திருப்பெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் தங்கியிருந்த விடுதியில் உணவு நஞ்சாகி 150க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். ஆப்பிள் நிறுவனத்தின் விதித்தொகுப்பு அப்போதே பதினைந்து ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழமை உடையது. எனினும், பெண்கள் பெங்களூர் நெடுஞ்சாலையில் அமர்ந்து மறித்த பின்னரே, சில விடுதிகளும் உணவுக்கூடங்களும் தன் தரத்திற்கு ஒவ்வாதவை என்று அந்நிறுவனம் அறிவித்தது.

அதே ஆண்டு சனவரியில், திண்டுக்கல் மாவட்டத்து நாச்சி அப்பேரல் ஆலையில் பணிபுரிந்த நம் சமூகத்து இளம்பெண் ஒருவர் கொலையுண்டார். மேற்பார்வையாளர் ஒருவர் கைதானார். அங்கும் வாங்குவோரின் விதிகள் இருந்தன. தலித் பெண்கள் முன்னின்று நடத்தும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் போராடி, 2022 ஏப்ரலில் ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனத்துடன் ஓர் ஒப்பந்தம் கண்டது. எச் அண்ட் எம், கேப், பி.வி.எச். ஆகியவையும் அதற்குக் கட்டுப்பட்டுக் கையொப்பமிட்டன. தொழிலாளருள்ளிருந்தே கண்காணிப்பாளர் தேர்ந்து பயிற்றுவிக்கப்பட்டனர். முறையிட்டவரைப் பழிவாங்கலாகாது, ஆலை தவறினால் வாங்குவோர் வணிகத்தைக் குறைக்க வேண்டும். முதலாண்டில் எழுந்த 185 முறையீடுகளுள் 182 தீர்க்கப்பட்டன. நாள்தோறும் உடனிருப்பவளே அங்குத் தணிக்கையாளர். ஒரு நிறுவனத்தின் ஆலைகளோடு அவ்வொப்பந்தம் நின்றது என்பதுதான் குறை.

அண்ணல் அம்பேத்கர், வைசிராய் நிர்வாகக் குழுவின் தொழிலாளர் உறுப்பினராக இருந்தபோது, முதலாளிகள் சங்கத்தை ஏற்றாக வேண்டும் என்னும் திருத்த மசோதாவை 1943இலேயே கொண்டுவந்தார். 1947இல் அத்தகைய திருத்தம் சட்டமாயிற்று, நடைமுறைக்கு வரவேயில்லை. நற்சான்று அட்டைகள் மட்டும் ஆலைச் சுவர்களில் பெருகின.

கழகத்தாருக்கு ஒரு வேண்டுகோள். மாலை வகுப்பில் சனிக்கிழமைதோறும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ஊதியச் சீட்டில் வைப்புநிதிப் பிடித்தம் எது, மிகைநேர ஊதியம் எது, பாலியல் தொல்லைக்கான உள்ளகப் புகார்க் குழுவில் யார் யார் இருத்தல் வேண்டும் என்பவற்றை நம் பெண்கள் படித்தறியட்டும். முதல் வகுப்பிற்கு அவரவர் தம் சென்ற மாத ஊதியச் சீட்டைக் கொண்டு வந்தால் போதும், பாடநூல் வேண்டுவதில்லை.