உள்ளங்காலையும் கொஞ்சம் பாருங்கள்

(நமது சங்கத்தின் காலாண்டுப் பொதுக்கூட்டத்தில் குடியிருப்பாளர் ஒருவர் ஆற்றிய உரை)



நான் டாக்டர் இல்லை. முப்பது வருஷத்துக்கு மேல் வங்கி கவுண்டரில் நோட்டு எண்ணியவன். ஆனாலும் இன்று தோல் புற்றுநோயைப் பற்றிப் பேச எனக்குக் காரணம் உண்டு.

என் அத்தான் வயல் வரப்பில் செருப்பில்லாமல் நடந்தே பழகியவர். குதிகாலில் ஒரு கறுப்புத் திட்டு வந்தது. ‘கால் ஆணி’ என்றார்கள். பிளாஸ்திரி போட்டார். பிறகு புண்ணானது. சர்க்கரை இருந்ததால் ‘சர்க்கரைப் புண்’ என்றார்கள். மருந்து கட்டினார்கள். எட்டு மாதம் கழித்து ஒரு தோல் டாக்டர் சதை எடுத்துப் பரிசோதிக்கச் சொன்னார். மெலனோமா என்று முடிவு வந்தபோது தொடையிடுக்கில் நெறி கட்டியிருந்தது. அத்தான் இப்போது இல்லை.

மெலனோமா வெள்ளைக்காரர்களுக்கு வெயிலால் வருவது என்று நினைக்கிறோம். நம் நாட்டில் இது அபூர்வம்தான். ஆனால் நம்மைப் போன்ற நிறத்தவர்களுக்கு வரும்போது பெரும்பாலும் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி என்று வெயில் படாத இடங்களில் வருகிறது. ஜமைக்கா பாடகர் பாப் மார்லிக்குக் கால் பெருவிரல் நகத்தடியில் வந்தது. ஃபுட்பால் ஆடியதில் பட்ட அடி என்று முதலில் நினைத்தார்கள். 1977இல் நோய் தெரிந்தது. 1981இல், 36 வயதில் இறந்தார்.

சரி, கண்டுபிடிப்பது எவ்வளவு துல்லியம்? கள்ள நோட்டை வைத்துச் சொல்கிறேன். நோட்டு பார்க்கும் மெஷின் இரண்டு விதமாகத் தவறும். கள்ள நோட்டை விட்டுவிடலாம். நல்ல நோட்டைக் கள்ளம் என்று சொல்லலாம். கறுப்புப் புள்ளி உள்ள 10,000 பேரில் 10 பேருக்குத்தான் நோய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். நூற்றுக்குத் தொண்ணூறு சரியாகச் சொல்லும் ஒரு சோதனை 9 பேரைப் பிடிக்கும், ஒருவரை விட்டுவிடும். ஆனால் நோயில்லாத 999 பேரையும் பயமுறுத்தும். நோய் அபூர்வமாக இருந்தால் 90 சதவீதம் என்ற எண்ணுக்கு அவ்வளவுதான் மதிப்பு.

செல்போனில் படம் எடுத்தால் போதும் என்கிறவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். மெல்ஆப், மோல் டிடெக்டிவ் என்ற செயலிகளை விற்றவர்கள் மீது, ஆதாரமில்லாமல் விளம்பரம் செய்ததாக 2015இல் அமெரிக்க அரசின் வணிக ஆணையமே நடவடிக்கை எடுத்தது.

அப்படியானால் எதை நம்புவது? தோல் டாக்டர்களிடம் டெர்மோஸ்கோப் என்று ஒரு கருவி உண்டு. விளக்கு வைத்த பூதக்கண்ணாடி மாதிரி. உள்ளங்காலில் ரேகை மேடும் பள்ளமுமாக இருக்கிறது அல்லவா? கறுப்பு பள்ளத்தில் ஓடினால் பெரும்பாலும் சாதாரண மச்சம். மேட்டில் ஓடினால் சந்தேகம். ஜப்பான் மருத்துவர்கள் கண்டறிந்த வித்தியாசம் இது.

முடிவைச் சொல்வது பயாப்சிதான். அதிலும் கருத்து வேறுபாடு வரலாம். 2017இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 187 நோய்க்குறியியல் மருத்துவர்கள் 240 மாதிரிகளைப் பார்த்தார்கள். சாதாரண மச்சத்தில் 92 சதவீதம் சரியாகச் சொன்னார்கள். ஆழமாக இறங்கிய மெலனோமாவில் 72 சதவீதம். இடைப்பட்ட ரகங்களில் 25 முதல் 43 சதவீதம்தான். அதனால் ரிப்போர்ட் சந்தேகமாக இருந்தால் அதே ஸ்லைடையும் பிளாக்கையும் கேட்டு வாங்கி இன்னொரு இடத்தில் காட்டுங்கள். அசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறது. திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையமும் தூரமில்லை. பெரிய செக்கை இரண்டாவது அதிகாரி பார்த்துக் கையெழுத்துப் போடுவதில்லையா? முதல் ஆளை நம்பவில்லை என்றா அர்த்தம்?

‘கத்தி பட்டால் பரவிவிடும்’ என்ற பேச்சை நம்பாதீர்கள். அத்தானும் அதைச் சொல்லியே இரண்டு மாதம் தள்ளினார். பரவ இடம் கொடுப்பது கத்தி இல்லை, தாமதம்தான். இந்த நோயில் ஆழம் மில்லிமீட்டர் கணக்கு. ஒரு மில்லிமீட்டருக்குள் இருக்கும்போதே வெட்டி எடுத்தால் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள்.

எனவே மாதம் ஒருமுறை, மெயின்டனன்ஸ் பணம் கட்டும் நாளிலேயே, குளித்தபின் உள்ளங்காலையும் விரலிடுக்கையும் நகங்களையும் பாருங்கள். குனிய முடியாதவர்கள் கண்ணாடி வைத்துப் பாருங்கள், அல்லது பேரப்பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லுங்கள். புதிதாக வந்து பெரிதாகும் கறுப்புத் திட்டு, ஒரே நகத்தில் அகலமாகும் கறுப்புக் கோடு, அந்தக் கறுப்பு நகக்கண் தோலுக்கும் பரவுவது, ஆறாத புண், ரத்தக் கசிவு, இவற்றில் எது இருந்தாலும் தோல் டாக்டரிடம் போங்கள். ஆணி என்றோ சர்க்கரைப் புண் என்றோ சொல்லி, மருந்து போட்டும் ஆறவில்லை என்றால், ‘பயாப்சி எடுக்க வேண்டுமா டாக்டர்?’ என்று நீங்களே கேளுங்கள்.

அந்த ஒரு கேள்வியை எட்டு மாதம் நாங்கள் யாரும் கேட்கவில்லை. நீங்கள் கேளுங்கள்.