கிளட்ச் தட்டு அடிக்கடி போவது ஏன்?

(வத்தலக்குண்டு உழவர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



உழவியல் கற்பிக்கும் நான் டிராக்டர் கிளட்சைப் பற்றிப் பேச வந்திருப்பது உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். ஆனால் தொழி உழவின்போது வண்டி நின்றுவிட்டால் முதலில் கெடுவது பயிர்தான். நெல்லின் வயதில் மாதத்துக்கு ஒரு வாரம் என்பது நாற்றின் வயதுக்கு நாம் வைத்திருக்கும் கணக்கு. நான்கு மாத நெல்லுக்கு நான்கு வார நாற்று. மஞ்சளாற்றுப் பக்கத்து நஞ்சையில் தண்ணீர் வந்த நேரத்தில் வண்டி பட்டறையில் பத்து நாள் கிடந்தால், நாற்று முற்றிவிடும், தூர் குறையும். எனவே இதுவும் என் பாடத்தைச் சேர்ந்ததே.

மாஸி பெர்குசன் 1035, போர்டு 3600, இன்டர்நேஷனல் பி-275 போன்ற பழைய வண்டிகளை வைத்திருப்போர் சொல்லும் குறை ஒன்றேதான்: "போன வருஷம்தான் தட்டு மாற்றினேன், மறுபடியும் போய்விட்டது." தட்டு தரமில்லை என்று கடைக்காரரைத் திட்டுவதற்கு முன், தட்டைக் கெடுத்தது எது என்று தேட வேண்டும். காரணம் உள்ளேயே இருந்தால் எத்தனை தட்டு போட்டாலும் நிற்காது.

வண்டியைப் பிரிக்காமலே இரண்டு சோதனைகள் செய்யலாம். திறந்தவெளியில் டிரெய்லரைக் கழற்றிவிட்டு, முன்னால் ஆள் நிற்காமல் பார்த்துக்கொண்டு, இரண்டு பிரேக்குகளையும் அழுத்திப் பிடியுங்கள். மேல் கியரில் போட்டு, மிதமான வேகத்தில் கிளட்சை மெதுவாக விடுங்கள். என்ஜின் திணறி நின்றால் கிளட்ச் பிடிக்கிறது. நிற்காமல் ஓடினால் வழுக்குகிறது. உடனே பெடலை மிதித்துவிடுங்கள், நீட்டிக்க வேண்டாம். அடுத்து, வண்டியை நிறுத்தி, பெடலை முழுவதும் மிதித்துப் பத்து விநாடி பொறுத்து ரிவர்ஸ் கியர் போடுங்கள். கறகறவென்று சத்தம் வந்தால் கிளட்ச் முழுவதும் விடவில்லை என்று பொருள்.

இந்த இரண்டாவது குறையை அலட்சியம் செய்பவர்களே அதிகம். கிளட்ச் விடாமல் கியர் மாற்ற மாற்றப் பல்லின் முனை சிதையும். பிறகு கியர் பெட்டி கெட்டுவிட்டது என்று தனியாகச் செலவு செய்கிறோம். கெடுதல் தொடங்கிய இடமோ பெடல்!

பெடலைக் கையால் அழுத்திப் பாருங்கள். சிறிது தூரம் இலேசாக இறங்கி, அதன் பிறகே கனக்க வேண்டும். மெக்கானிக்குகள் இதைப் 'பிளே' என்பார்கள். பல வண்டிகளில் இது ஏறத்தாழ ஓர் அங்குலம். உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ள அளவே சரியானது. லைனிங் தேயத்தேய இந்த இடைவெளி குறையும். அறவே இல்லாது போனால், மேலே காலே வைக்காவிட்டாலும் பாதி மிதித்தது போல் ஆகி, தட்டு வழுக்கும்; ரிலீஸ் பேரிங்கும் ஓயாமல் சுற்றித் தேயும். இடைவெளி மிகுந்தால் கிளட்ச் விடாது. இதைச் சரிசெய்ய ஸ்பேனர் போதும்.

அடுத்து எண்ணெய். கிளட்ச் இருக்கும் பெல் ஹவுசிங்கின் அடியில் ஒரு சிறு துளை உண்டு. அதிலிருந்து கறுப்பாக, நீர்க்கச் சொட்டினால் என்ஜினின் பின்பக்க ஆயில் சீல் போயிருக்கிறது. கெட்டியாக, கியர் ஆயிலின் நெடியோடு வந்தால் கியர் பெட்டிச் சீல். சீலை மாற்றாமல் புதுத் தட்டு போடுவது ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவதுதான். சில வண்டிகளில் தொழி உழவின்போது இந்தத் துளையை அடைத்து, முடிந்ததும் திறந்துவிட வேண்டும்.

வண்டியைப் பிரித்தால், கழற்றிய பழைய தட்டை வீசிவிடாதீர்கள். அதைப் படிக்கத் தெரிந்தால் பாதி நோய் தெரிந்துவிடும். லைனிங் பளபளத்து, பிளைவீலில் நீலம் பாய்ந்திருந்தால் வழுக்கிச் சூடேறியிருக்கிறது. அதற்கு ஒரு காரணம், பெடலில் காலை வைத்தபடியே ஓட்டும் பழக்கம். பழைய ஓட்டுநர்கள் பலருக்கும் இது உண்டு. சொன்னால் கோபித்துக்கொள்வார்கள், சொல்லத்தான் வேண்டும். நடு ஸ்பிரிங் உடைந்திருந்தால் கிளட்சைத் திடீரென்று விட்டிருக்கிறார்கள், அல்லது பாரம் மிகுந்திருக்கிறது. லைனிங் நன்றாக இருக்க, நடுப்பகுதி மட்டும் மீண்டும் மீண்டும் விரிசல் விட்டால் என்ஜினும் கியர் பெட்டியும் நேராகச் சேரவில்லை. பிளைவீல் நடுவிலுள்ள சிறு பேரிங், பெல் ஹவுசிங் போல்ட் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். பிரஷர் பிளேட்டின் விரல்கள் அனைத்தும் ஒரே உயரத்தில் உள்ளனவா என்று அளந்த பிறகே மூட வேண்டும். பிளைவீலில் வரி விழுந்திருந்தால் லேத்தில் கொடுத்துச் சமன் செய்ய வேண்டும். அவசரத்தில் விட்டுப்போவது இதுதான்.

இரட்டைக் கிளட்ச் வண்டி வைத்திருப்போருக்கு ஓர் எளிய குறிப்பு: வண்டி நகர்ந்துகொண்டே ரோட்டவேட்டர் மட்டும் சோர்ந்தால் கெட்டது பி.டி.ஓ. தட்டு.

கொடைக்கானல் மலைச்சாலையில் பாரம் ஏற்றி இறங்குவோர் கவனிக்கவும். சரிவில் கியரைப் போட்டுக் கிளட்சை மிதித்தபடி உருளவிட்டால், சக்கரங்கள் தட்டை என்ஜினைவிட வேகமாகச் சுழற்றும். லைனிங் சிதறிப்போகும். என்ஜினின் பிடியும் இல்லாமல் பிரேக்கை மட்டும் நம்பி இறங்குவது உயிருக்கே ஆபத்து. ஏறும் கியரிலேயே இறங்குங்கள்.

உழவில்லாத மாதங்களில் வண்டியை நிறுத்தி வைக்கும்போது, பெடலை முழுவதும் அழுத்தி ஒரு கட்டையை முட்டுக்கொடுத்து வையுங்கள். ஈரத்தில் தட்டு பிளைவீலோடு துருப்பிடித்து ஒட்டாது. மீண்டும் வண்டி எடுக்கும் நாளில் கட்டையை எடுத்துவிட்டு, முதலில் 'பிளே' அளவைப் பாருங்கள்.